வட்டக்காய்க் கொடியில் வெள்ளைத் தூள்

இன்று நாம் பேச வந்தது தேயிலையைப் பற்றியல்ல. லயத்துக்குப் பின்னால் நீங்கள் போட்டிருக்கிற மரக்கறிப் பாத்தியைப் பற்றி. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுகிற வறட்சி மாதங்களில் கறிச்சட்டிக்குக் கைகொடுப்பது அந்தப் பாத்திதான். அதே மாதங்களில்தான் வட்டக்காய், கெக்கரிக்காய்க் கொடிகளில் மாவைத் தூவின மாதிரி வெள்ளை படிகிறது. தூள் பூஞ்சணம் என்பது அதன் பெயர்.

"மழையே இல்லையே, நோய் எப்படி வரும்?" என்று கேட்பீங்க. 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய், கொழுந்து நனைந்திருந்தால்தான் பிடிக்கும். இது அப்படியில்லை. பகல் காய்ந்து, இரவில் காற்று ஈரமாக இருந்தாலே போதும். நிழலும் நெருக்கமும் இருந்தால் இன்னும் கொண்டாட்டம். இறப்பர் தளிரை உதிர்க்கும் வெள்ளை நோயும் இந்தக் குடும்பந்தான். 1925 முதல் இலங்கையில் அறியப்பட்டது. அதற்குக் கந்தகத் தூள் ஊதினார்கள்.

சில வட்டக்காய் இனங்களுக்கு இலை நரம்போரம் இயற்கையாகவே வெள்ளைத் திட்டு உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்க. தூள் ஒட்டினால் நோய். ஒரு வாரத்துக்குள்ளேயே அடுத்த இலைக்குப் போய்விடும். அதனால் அடியிலைகளை, அதுவும் இலையின் கீழ்ப்பக்கத்தை, அடிக்கடி பார்க்க வேணும். முதலில் பிடித்த இலைகளைக் கிள்ளிப் புதைத்துவிடுங்கள். காய்த்து ஓய்ந்த பழைய கொடியை "கிடக்கட்டும்" என்று வேலியில் விடாதீங்க. புதுக் கொடிக்கு நோய் அங்கிருந்துதான் வருகிறது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. பிரேசில் நாட்டில் பெத்தியோல் என்ற ஆய்வாளர், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கூடாரத்தில் வளர்த்த பூசணி இனத்துக்கு வாரம் ஒருமுறை அடித்துப் பார்த்தார். நோய் நன்றாகக் குறைந்தது. 1999இல் அதை வெளியிட்டார். பிள்ளைக்கு வைத்த பாலை ஊற்றச் சொல்லவில்லை, மிஞ்சினால் பாருங்கள்.

நனையும் கந்தகமும் கேட்கும். ஆனால் கொளுத்தும் வெயிலில் அடித்தால் வட்டக்காய் இலை கருகும். முக்கியமாக, புல் மருந்து அடித்த பம்பை இதற்கு எடுக்கவே கூடாது. மிச்சம் ஒட்டியிருந்தால் கொடியே போய்விடும். பக்கத்துத் தேயிலை மலைக்கும் காற்றில் போகாமல் அடிக்க வேணும், கொழுந்தில் மருந்து படியக் கூடாது.

எந்த மருந்து, எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். போகும்போது நோய் பிடித்த இலை ஒன்றைக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போங்க.