படைவீடும் வீரன் வீடும்



படைவீரரிடையேயும் அவர்கள் குடும்பத்தாரிடையேயும் நடந்த கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, இதற்குக் குழித்துறையை விட்டால் வேறு இடம் ஏது என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் நட்டாலம். நாகர்கோவில் சாலையில் போனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. நம் கிராமங்களிலோ பட்டாளத்துக்குப் போகாத தெரு குறைவு.

படைவீரனுக்கு ஊழியம் என்றதும் நம் சபைகளில் பலருக்கு நினைவு வருவது பாசறையில் வேதாகமம் கொடுப்பதும் பிரசங்கம் செய்வதும். இந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால் அந்த ஊழியம் பெரும்பாலும் வீரர்களின் மனைவியர், விதவைகள், பிள்ளைகள் வழியாகவே வேரூன்றியிருக்கிறது. அவர்களை மறந்த இடத்தில் அது சறுக்கியது. பதவியின் பலத்தோடு கைகோத்ததாகத் தெரிந்த இடத்தில் பகையைத் தேடிக்கொண்டது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உதயகிரியிலிருந்து தொடங்குகிறேன். 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாக்கியுஸ் தெ லனாய். மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி தரச் சொன்னார். பகைவனின் திறமையை மதித்த அந்த முடிவு திருவிதாங்கூரின் போக்கையே மாற்றியது. ஐரோப்பிய முறை அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கோட்டை கட்டும் வேலையும் அவர் கைக்கு வந்தன. வலிய கப்பித்தான் என்ற பெரும் பதவிக்கு உயர்ந்து, உதயகிரியிலேயே வாழ்ந்து, 1777-இல் அங்கேயே இறந்தார்.

கோட்டைக்குள் அவர் எழுப்பிய சிற்றாலயம் இன்று கூரையில்லாமல் நிற்கிறது. உள்ளே அவர் கல்லறை. கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. பக்கத்திலேயே மனைவியும் மகனும் அடக்கம். மகன் இளம் வயதில் போரில் இறந்தவன். வனத்துறைப் பூங்காவில் மான் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் இந்தக் கல்லறைகள் வரை கட்டாயம் அழைத்துப்போக வேண்டும். ஒரு படைத்தலைவனின் விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை அந்த மூன்று கற்கள் சொல்லிவிடும். அவர் வந்த நாடு வேறு, உப்பிட்ட மன்னர் வேறு சமயத்தவர். ஆனாலும் குடும்பத்தோடு முழங்கால்படியிட ஓர் இடம் வேண்டும் என்றுதான் அந்த ஆலயத்தைக் கட்டினார்.

அந்தக் கோட்டையில்தான் நட்டாலத்து நீலகண்டன் அவரைச் சந்தித்தார். 1712-இல் பிறந்த அரண்மனை ஊழியர். வீட்டில் மாடுகள் மாண்டு, பயிர் அழிந்து, அடிமேல் அடி விழுந்து மனம் உடைந்திருந்தார் என்கிறது மரபு. தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். கவனியுங்கள்: பிரசங்க மேடை இல்லை, கூட்டம் இல்லை. உடன் வேலை செய்கிறவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்ட ஒருவர். அவ்வளவுதான். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதானார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்தப் பகுதி வீடுகளில் தொலைக்காட்சி முன்னால் அழாதவர் இல்லை.

அவர் மனைவி பார்கவியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கணவர் வழியில் அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போன காலத்தையும் அவர் கொல்லப்பட்டதற்குப் பின்னான காலத்தையும் அந்தப் பெண் எப்படிக் கடந்திருப்பார்? சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவரை ஏற்றுக்கொண்ட வடக்கன்குளத்துச் சபை செய்ததுதான், என் கணக்கில், இந்தப் பகுதியில் அரச பணியாளர் ஒருவரின் குடும்பத்துக்குத் திருச்சபை செய்த முதல் பெரிய ஊழியம். ஒரு விதவைக்கு நிழல் கொடுத்தார்கள்.

இனி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போவோம். திருச்சியில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கம்பெனிப் படைக்கும் குருவாக இருந்தார். அந்தப் பணிக்குக் கம்பெனி கொடுத்த ஆண்டுச் சம்பளத்தில் பாதியைத் தமிழ்ச் சபைக்காகச் செலவிட்டார். 1766-இல் திருச்சிக் கோட்டைக்குள் கிறிஸ்து நாதர் ஆலயம் எழுந்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தகப்பனை இழந்த படைவீரர் பிள்ளைகளுக்கு அவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்ததாகத்தான் திருச்சி செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளி தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெரிய மனிதரின் மிஷன் வேலை முழுவதையும் ஒரு தட்டில் வைத்தாலும், அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்த அந்த ஒரு செயலை நான் மறு தட்டில் தயங்காமல் வைப்பேன்.

பாளையங்கோட்டையில் நடந்தது இன்னும் துலக்கமானது. 1771-இல் அங்கே சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் மக்களுக்கு வேதம் வாசித்துக் காட்டினார். அவருக்கு ஆதரவாக நின்றவர் ஓர் ஆங்கிலேயச் சார்ஜென்ட். அந்தச் சார்ஜென்ட்டின் மனைவி சுவார்ட்ஸின் சபையைச் சேர்ந்தவர். நெல்லைச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் வித்துக்களில் ஒன்று ஒரு சிப்பாய் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அவரிடமிருந்தே கிறிஸ்துவைப் பற்றி அறிந்து, திருமுழுக்குக் கேட்டார். முறையான திருமணம் இல்லை என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருச்சபை ஒழுங்கின்படி அவர் செய்தது சரியாக இருக்கலாம். ஆனால் பாளையங்களில் அதிகாரிகளோடு வாழ்ந்து, அவர்கள் இறந்தாலோ ஊர் மாறிப் போனாலோ தெருவில் நின்ற பெண்கள் எத்தனை பேர்! அந்த அதிகாரிகளைப் பார்த்து, இவளை ஏன் மணந்துகொள்ளவில்லை என்று கேட்ட குருமார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கதவு அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டுமே சாத்தப்பட்டது. லிட்டில்டன் இறந்த பின், 1778-இல்தான் அவர் திருமுழுக்குப் பெற முடிந்தது. அந்தப் பெண்ணோ மனம் கசந்து போய்விடவில்லை. 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையாரின் பட்டியலில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் அவருடையது. அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றும் மக்கள் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில்.

1816-இல் அதே பாளையங்கோட்டைக்குக் கம்பெனிப் படையின் குருவாக வந்தார் ஜேம்ஸ் ஹோ. வந்த வேலை வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்துவது. அவரோ கேட்பாரற்றுக் கிடந்த தமிழ்ச் சபைகளைத் தேடிப் போனார், பள்ளிகள் திறந்தார், சர்ச் மிஷன் சங்கத்தை வரவழைத்தார். 1820-இல் அந்தச் சங்கத்தின் மிஷனரி ரேனியஸ் வந்ததற்கு வழி திறந்தவர் அவரே.

இதெல்லாம் நல்ல கதை. ஆனால் 1806-ஐ விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பேசுவது நேர்மையாகாது. அந்த ஆண்டு ஏப்ரலில் மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று ரிங்கல்தோபே மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பணியின் தொடக்கம் அது. அதே ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று மேலிடம் போட்ட உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்தது. அடுத்ததாக நம்மைக் கிறிஸ்தவனாக்கப் போகிறார்கள் என்ற அச்சம் பாளையமெங்கும் பரவியது. உத்தரவு போட்ட தளபதி மிஷனரி அல்லர். பழியோ மிஷனரிகள் மேலும் விழுந்தது.

அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன் சிப்பாய். மேலதிகாரி வேண்டுகோளாகச் சொன்னாலும் அவன் காதில் கட்டளையாகவே விழும். அப்படிப்பட்டவனிடம் பதவியின் நிழலில் நின்று சமயம் பேசினால், அவன் சொல்லும் சம்மதத்துக்கு மதிப்பேது? தெ லனாய் நீலகண்டனிடம் பேசியதற்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான். நீலகண்டன் ஆம் என்று சொன்னதால் அவருக்கு ஒரு லாபமும் வரவில்லை, உயிரே போயிற்று.

முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் குளிரில் கிடந்தபோது ஒய்.எம்.சி.ஏ. அவர்களுக்குக் குடில் அமைத்தது. மதப் பிரசாரம் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசு அனுமதி கொடுத்தது. ஒய்.எம்.சி.ஏ. அதை ஏற்றுக்கொண்டது. எழுதத் தெரியாத சிப்பாய் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். கிராமபோன் வைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். வாய் திறந்து பிரசங்கம் செய்யாத அந்தப் பணியைவிடச் சிறந்த கிறிஸ்தவப் பணி படையில் நடந்ததாக நான் கருதவில்லை. அந்தப் போர்க்காலத்தில், 1916-இல், இயக்கத்தின் தேசியப் பொதுச்செயலாளர் ஆனவர் சேலத்துத் தமிழர் கே.டி. பால். பின்னர் 1920-களில் நம் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமச் சீரமைப்பு மையமும் இதே ஒய்.எம்.சி.ஏ.வின் கிளைதான்.

இன்றைய படையில் ஏற்பாடு தெளிவாக இருக்கிறது. பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பௌத்தத் துறவி ஆகியோரோடு பாதிரியாரையும் நாயப் சுபேதார் நிலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். குருத்துவம் பெற்றவராகவும் ஆயரின் அங்கீகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அடக்கச் சடங்கு, மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது, தண்டனை அனுபவிக்கும் வீரரைப் போய்ப் பார்ப்பது, வீரர்களின் குடும்பத்துக்கும் பிள்ளைகளுக்கும் சமய போதனை என்று அவர் வேலை விரிகிறது. பல முகாம்களில் சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்தாரும் வழிபடுகிறார்கள். ஆகவே பாசறைக்குள் நம் தலையீடு தேவையில்லை. அதைப் படை பார்த்துக்கொள்ளும். நம் வேலை இங்கே, விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வீடுகளில் இருக்கிறது.

56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ஒரு படை அஞ்சலக எண்ணுக்குக் கடிதம் எழுதிய தலைமுறைப் பெண்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். கணவர் இருப்பது பனிமலையிலா பாலைவனத்திலா என்று முகவரியில் தெரியாது. இப்போது வீடியோ கால் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இன்றும் அவள் ஒருத்திதான். ஞாயிறு ஆராதனையில் எல்லையைக் காக்கும் வீரருக்காக ஜெபிக்கிறோம். நல்லது. திங்கள்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது யார்?

கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விதவையம்மா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து என் முன்னால் கொட்டினார். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, கேன்டீன் கார்டு, பழைய ஞானஸ்நானச் சீட்டு. சபைப் பதிவேட்டில் அவர் பெயர் எஸ்தர். ஆதாரில் எஸ்தர் ராணி. பட்டாளக் காகிதத்தில் ராணி மட்டும். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தம்மா மாதக்கணக்கில் நடந்திருக்கிறார். அதற்குள் குடும்ப ஓய்வூதியம் நின்று கிடந்தது. கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும் அந்தச் செய்தி யூனிட்டுக்குப் போய், பார்ட் டூ ஆர்டர் போடப்பட்டு, வீரரின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அரசின் கண்ணில் அந்த மனைவி இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை. இதற்கான முதல் ஆதாரம் பல வீடுகளில் நம் ஆலயத் திருமணப் பதிவேட்டின் நகல்தான். அந்த நகலில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்ததாகும். பதிவேடு எழுதும் உபதேசியாரும் கமிட்டிச் செயலரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். ஆலயத்தில் முடிந்த கையோடு அதையும் முடித்துவிடச் சொல்வது போதகரின் கடமையில் சேர்ந்ததே. ஓய்வூதியம் இன்று ஸ்பர்ஷ் என்ற இணையவழிக்கு மாறிவிட்டது. ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று பதிய வேண்டும். எழுபது வயதுப் பெண்மணிக்கு விரல் ரேகை பதியாமல் போகிறது, கடைக்காரர் மறுநாள் வா என்கிறார். நம் இளைஞர் சங்கத்தில் கைப்பேசியைத் தட்டத் தெரியாத பிள்ளை உண்டா?

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவோடு, டிசம்பரில் பையன்கள் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும் நேரத்தில், இதே குழித்துறையில் ஒரு நாள் முகாம் நடத்துங்கள். கணவன் மனைவி இருவரும் ஊரில் இருக்கும் நாள் அதுதான். சேர்ந்து கையெழுத்துப் போடவும், சேர்ந்து நின்று படம் எடுக்கவும் முடியும். ஆதார், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஒருவரையும், படையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நம்மூர்ப் பெரியவர் இருவரையும் உட்கார வையுங்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று பிரிக்காதீர்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்றும் பார்க்காதீர்கள். வருகிறவர் கையில் துண்டுப் பிரசுரம் எதையும் திணிக்க வேண்டாம். மதியச் சாப்பாடு போடுங்கள். முதல் முகாமுக்கான ஜெராக்ஸ், புகைப்படச் செலவை இன்று எனக்குக் கொடுத்த மதிப்பூதியத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.