வியட்நாமில் நமக்கொரு ரப்பர் உறவு



கோலாலம்பூரிலிருந்து வானூர்தியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், முன்னாளில் சைகோன் எனப்பட்ட ஹோ சி மின் நகரை அடையலாம். செல்வோர் பலரும் ஆற்றையும் அங்காடியையும் கண்டு திரும்புவர். நாம் மேலும் இரண்டைக் காணுதல் வேண்டும்.

ஒன்று, நகர் நடுவே தமிழர் எழுப்பிய மாரியம்மன் ஆலயம். 1975க்குப் பின் தமிழருள் பெரும்பாலோர் அந்நகரை விட்டகன்றனர். ஆயினும் இன்று வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தி ஏற்றி, கற்சுவரில் நெற்றி பதித்து அம்மனை வேண்டுகின்றனர்.

மற்றொன்று, நகருக்கு வடக்கேயுள்ள ரப்பர் தோட்டங்கள். 1897இல் அந்நாட்டில் ரப்பர் கன்றுகளை நட்ட பிரெஞ்சுக்காரர், பின்னர் வடபகுதி ஏழை உழவர்களை ஒப்பந்தத்தில் பிணைத்துத் தென்பகுதிக் காடுகளுக்குக் கொணர்ந்தனர். மலேரியாவும் அடியும் பலரை மாய்த்தன. 1930 பிப்ரவரியில் பூ ரியெங் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்தனர். அடித்தல் ஒழிக, எட்டு மணி நேர வேலை தருக, பிள்ளைப்பேற்றுக்குச் சம்பள விடுப்பு அளிக்க என்று கோரினர்.

இது நமக்குப் புதிய கதையன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். இரு நாட்டிலும் பால் வெட்டிய கைகள் வேண்டியது மானமே.

ஆகவே, சிறுகச் சேமித்துக் கடப்பிதழ் எடுப்பீர். குடும்பத்தோடு சென்று வருவீர். அம்மரங்களின் வெட்டுக்கோடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கிள்ளானின் கதையையும் உடன் சொல்வீர்.