முதியோர் பிணியும் மருத்துவக் காப்பும்

(குண்டடத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியர்க்கு உரியதன்று எனச் சிலர் கருதலாம். நம் வீட்டுத் திண்ணைதோறும் பேசப்படுவது இதுவே ஆதலின், இலக்கணம் ஒரு திங்கள் காத்திருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் நீங்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்தபின் நீங்குதல் அரிது. அவை திங்கள்தோறும் சிறுகச் சிறுகக் குடும்பத்தின் கைப்பொருளை அரிப்பன. அச்செலவிற்கு அஞ்சும் முதியோர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை உண்பர். வினவினால், "ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது, மாத்திரை எதுக்குங்க?" என்பர். உடம்பு நன்றாயிருப்பதே அம்மாத்திரையால் என்று அவர்க்கு எடுத்துரைப்பார் இலர். பின்னர்ச் சிறுநீரகம் பழுதுற்று, கிழமைக்கு இருமுறை மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஓடும் நிலை வருங்கால், மிச்சம் பிடித்த பணம் வண்டிச் சத்தத்திற்கும் போதாது.

"காப்பீட்டு அட்டை உளதே" என்பீராயின், ஈண்டுத்தான் நம்மவர் பலரும் மயங்குகின்றனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுமாறு அமைந்தது. மத்திய அரசும் 70 வயது நிறைந்தார் யாவர்க்கும், வருமானம் நோக்காது, அதே அளவு காப்பினை 2024 அக்டோபர் 29-இல் அறிமுகம் செய்தது. இரண்டும் நல்லனவே. எனினும் அவை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பார்க்கு உரியன. மாதந்தோறும் மருந்துக் கடையிற் கொடுக்கும் பணத்தை அவை தாரா.

அம்மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் அதனை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தது. இலவச மருந்து வாங்குதல் குடிக்கு இழுக்கென எண்ணுவார் நம்முள் சிலர் உளர். வரி செலுத்தியவர் நாமே அன்றோ! இவ்வெண்ணத்தை யாம் சிறிதும் மதியோம்.

இனி, பனியன் கம்பெனிக்குச் செல்லும் நடுவயதினர் சற்றே செவிசாய்க்க வேண்டுகின்றோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் அரசு ஈட்டுறுதி, ஈ.எஸ்.ஐ. என வழங்குவது, கட்டிலுக்கு மட்டுமன்றி அன்றாட மருந்திற்கும் உதவுவது. ஐந்தாண்டேனும் அதிற் காப்புற்றிருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டிற்கு 120 ரூபாய் செலுத்தித் தாமும் தம் வாழ்க்கைத் துணையும் மருத்துவம் பெறலாம். மாதம் பத்து ரூபாய்! இத்துணை மலிவான காப்பு வேறு யாண்டும் இருப்பதாக யாம் அறியோம். ஆனால் நம் இளைஞர் பலர், பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் வேலை செய்து, "பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் வரட்டும்" என்கின்றனர். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் 90 ரூபாய். முதலாளி தரவேண்டியது நூற்றுக்கு மூன்றேகால். தொண்ணூற்றை மிச்சம் பிடிப்பவன் முந்நூற்றுத் தொண்ணூற்றையும், தன் முதுமைக்கால மருந்தையும் ஒருங்கே இழக்கின்றான்.

தனியார் காப்பீடு கொள்வார்க்கு ஒரு சொல். விண்ணப்பத்தில் நீரிழிவை மறைக்கற்க. முன்னரே உள்ள பிணிக்கு 36 மாதத்திற்கு மேல் காத்திருக்கச் செய்தல் கூடாதென 2024-இல் விதி செய்யப்பட்டுளது. உண்மை உரைத்தவர் காத்திருந்து பெறுவர்; மறைத்தவர் தவணை செலுத்தியும், பணம் கேட்கும் அன்று மறுக்கப்படலாம். புதிதாகச் சேர்வார்க்கு விதியிற் குறித்திருந்த 65 வயது என்னும் வரம்பும் 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது; 18 விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டிற்கு இல்லை. ஆயினும் முதியோர்க்குத் தவணை மிகுதியே.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருவோர், குடும்ப அட்டை, ஆதார், ஈ.எஸ்.ஐ. எண் உள்ள தாள், பெரியோர் உண்ணும் மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கொணர்க. எழுதப் படிக்க வல்ல நம் பிள்ளைகள் சிலர் முற்பகல் பத்து மணிமுதல் அமர்ந்திருப்பர். விண்ணப்பங்களை அன்றே நிரப்பித் தருவர்.