திரையில் ஓடும் நெடுந்தீவுக் குதிரை



கணினி விளையாட்டை விளையாடுவதைப் பற்றியல்ல, செய்வதைப் பற்றிச் சொல்ல வந்தேன். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்தால் இணையமின்றியும் இயங்கும்.

குதிரையொன்றை அதில் வரைந்து, வலது அம்புச் சாவியை அழுத்தினால் எக்ஸ் 10 கூடவேண்டும் என்று கட்டளையிட்டால் நகரும், ஓடாது. வள்ளம்போல வழுக்கிப் போகும். கால்நிலை மாறும் நாலைந்து படங்களை வரைந்து, நகர்வுக்கு ஒன்றாய் மாற்றவேண்டும். அதற்குக் கண் வேண்டும். 1878இல் மைபிரிட்ஜின் தொடர்படங்கள் வரும்வரை, பாயும் குதிரையின் கால்களை ஓவியர்கள் பலரும் முன்னும் பின்னும் நீட்டியே வரைந்தார்கள். உண்மையில் நான்கும் நிலத்தை விடும்போது வயிற்றடியில் மடிந்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கோ மாதிரி வெளியிலேயே மேய்கிறது.

ஆள்கூற்றுத் தளம் என்றாலே பயப்படும் பிள்ளைக்கு எக்ஸ் எது, வை எது என்று அந்தக் குதிரை சொல்லிக்கொடுக்கும். வெளிநாட்டுச் சகோதரிகளே, பழைய மடிக்கணினியை எறியாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். அம்புச் சாவிகள் வேலைசெய்தால் போதும்.