கதவைத் திறக்கும் கை

தி.நகர் கடைத்தெரு. ஓரமாக நின்ற காரின் கதவு படக்கென்று திறக்கிறது. பின்னால் வந்த பைக்காரர் பிரேக் அடித்து, வண்டியை ஒடித்து, எப்படியோ தப்புகிறார். அப்புறமென்ன? "பாத்துத் திறக்க மாட்டியா?" "நீ ஏன்யா ஒட்டிக்கிட்டு வர்றே?" சத்தத்துக்கு இரண்டு பேரிடமும் பஞ்சமில்லை!

இதைத் தவிர்க்க நெதர்லாந்துக்காரர்கள் பெயரால் ஒரு வழக்கம் உண்டு. கதவைப் பக்கத்துக் கையால் திறக்காமல், தூரத்துக் கையால் திறப்பது. நம்மூர் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறவர். இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும். தோள் திரும்பினால் கண்ணும் பின்னால் போகும். வருகிற பைக் தெரிந்துவிடும்.

தூரத்துக் கை. அவ்வளவுதான்.

பிரிட்டன் 2022-இல் இதைத் தன் சாலை விதிநூலிலேயே சேர்த்துக்கொண்டது. பின்சீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். இன்று காரை விட்டு இறங்கும்போது செய்து பாருங்கள்.