நெசவாளி மகன் கார்னெகி



வறுமையிற் பிறந்து பெருஞ்செல்வராய் உயர்ந்தோரின் வரலாறுகளைக் கேட்பதிலே மக்களுக்கு என்றும் ஒரு தனி விருப்பம் உண்டு. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே அத்தகையோரின் பெயர்கள் தவறாது எடுத்தோதப்படுகின்றன. அவற்றுள் அன்ட்ரூ கார்னெகி என்பாரின் பெயரும் ஒன்று. ஆயினும் அவர் வரலாறு பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றது. பையன் உழைத்தான், படித்தான், கோடீசுவரன் ஆனான் என்பதோடு கதை முடிந்துவிடும். மற்றைப் பாதியையும் சேர்த்தே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

ஸ்கொத்லாந்து தேசத்திலே டன்பேர்ம்லின் என்பது ஒரு பழைய பட்டினம். பூவேலை அமைந்த லினன் துணிகளுக்குப் பெயர்போனது. 1835ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி அங்கே ஒரு கைத்தறி நெசவாளரின் சிறு வீட்டிலே கார்னெகி பிறந்தார். கீழே தறி, மேலே இருந்த ஒற்றை அறையிலே குடும்பத்தின் வாழ்வு. தந்தையார் வில்லியம் தம் கைத்திறனொன்றையே முதலாகக் கொண்டவர். தொழிலாளர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று கிளர்ந்த சாட்டிஸ்ட் இயக்கத்தில் ஈடுபட்டவர். தாய்வழி உறவினரோ அவரினும் தீவிரமானவர்கள். அவ்வூரிலே பிற்றன்கிறீவ் என்றொரு சோலை இருந்தது. அதன் உரிமையாளருக்கும் தாய்வழிக் குடும்பத்தாருக்கும் இருந்த பகையினால், அக்குடும்பத்துப் பிள்ளைகள் எவரும் அதனுள்ளே கால்வைத்தல் ஆகாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது.

1840களின் நடுப்பகுதியிலே நீராவித் தறிகள் அவ்வூரை வந்தடைந்தன. கைத்தறிக்கு வேலை குன்றிற்று. இனி வேலை கிடையாது என்று தந்தையார் வீட்டிலே வந்து சொன்ன நாளை, மகன் தம் முதுமையில் எழுதிய சுயசரிதையிலே மறவாது குறிப்பிட்டிருக்கின்றார். தாயார் மார்கரெட் சிறு கடை வைத்தும் சப்பாத்துத் தைத்தும் குடும்பத்தைத் தாங்கினார். இறுதியில் தறிகளை ஏலத்தில் விற்றார்கள். கிடைத்த பணம் கப்பற் கூலிக்குப் போதவில்லை; தாயாரின் தோழி ஒருவர் இருபது பவுண் கடன் கொடுத்தார். 1848இல் தாய், தந்தை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் அன்ட்ரூ, அவன் தம்பி ஆகிய நால்வரும் பாய்க்கப்பலேறி ஏறக்குறைய ஏழு வாரங்கள் கடலிற் கழித்து அமெரிக்கா சேர்ந்தனர். பென்சில்வேனியா மாநிலத்தில், பிற்ஸ்பேர்க் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த அலெகெனியிலே குடியேறினர். தாயாரின் சகோதரிகள் முன்னரே அங்கு சென்றிருந்தார்கள்.

ஆங்கே தந்தையார் மேசைவிரிப்புகளை நெய்து வீடு வீடாகச் சென்று விற்றார். பையன் பஞ்சாலையொன்றில் நூலுருளைகளை மாற்றிக் கொடுக்கும் வேலைக்குச் சென்றான். இருள் புலருமுன் தொடங்கி இருண்டபின் முடியும் வேலைக்கு வாரக் கூலி ஒரு டொலர் இருபது சதம். அடுத்து, தந்திக் கந்தோரிலே செய்தி கொண்டுசெல்லும் வேலை. வாரம் இரண்டரை டொலர். நகரத்துக் கடைகளின் பெயர்களை வரிசையாக மனனம் செய்தான். வணிகர்களின் முகங்களையும் அறிந்துகொண்டான். தந்திக் கருவியின் ஒலியைக் காதாற் கேட்டே செய்தியை எழுதவும் பழகினான்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கேணல் ஜேம்ஸ் அண்டர்சன் என்னும் பெருமகனார் தம்மிடமிருந்த நானூறு அளவிலான நூல்களை உழைக்கும் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். பின்னர் அந்நூல்நிலையம் விரிவடைந்தபோது, கைத்தொழில் பழகுவோர்க்கே இலவசம் என்றும், ஏனையோர் ஆண்டுக்கு இரண்டு டொலர் கட்டவேண்டும் என்றும் விதி வந்தது. செய்தி கொண்டுசெல்லும் பையன்கள் கைத்தொழிலாளர் ஆகார் என்பது நிருவாகத்தாரின் வாதம். பதினேழு வயதுக் கார்னெகி 1853இல் அதனை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஈற்றில் விதி தளர்த்தப்பட்டது. வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவன் நூல் கேட்டு வாதாடிய அந்தக் கடிதமே, அவர் பின்னர் ஈட்டிய கோடிகளினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

அதே ஆண்டிலே பென்சில்வேனியாப் புகையிரதக் கொம்பனியின் அதிகாரி தோமஸ் ஸ்கொட் அவரை மாதம் முப்பத்தைந்து டொலருக்குத் தம் எழுதுவினைஞராக எடுத்துக்கொண்டார். ஸ்கொட் சொன்ன யோசனைப்படி கடன்பட்டு வாங்கிய பத்துப் பங்குகளுக்குப் பங்கிலாபம் வந்தபோதுதான், உடல் வருந்தாமலும் பணம் வரும் என்பதனை நெசவாளி மகன் முதன்முதலாகக் கண்டார். பின்னர் அப்புகையிரதக் கொம்பனிக்கே இரும்புப் பாலம் கட்டிக் கொடுத்த நிறுவனம் ஒன்றில் அவரும் அவருடைய மேலதிகாரிகளும் பங்காளிகளாயினர். இக்காலத்துக் கணக்காய்வாளர் எவரும் அதனைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்! உழைப்பும் கூரறிவும் அவரை உயர்த்தின என்பது உண்மை. வேண்டியவர்களின் கைத்தாங்கலும் உடனிருந்தது என்பதையும் மாணவர்க்குச் சொல்லத்தான் வேண்டும்.

1875இல் பிற்ஸ்பேர்க்குக்கு அணித்தாகிய பிரடொக்கிலே அவருடைய பெரிய உருக்காலை இயங்கத் தொடங்கிற்று. இரும்பிலிருந்து உருக்கு ஆகும் ஒவ்வொரு படியிலும் செலவு எவ்வளவு என்று எடைபோட்டுக் கணக்கெழுதுவித்தார். செலவு குறையுமாயின், நேற்று வாங்கிய இயந்திரத்தையும் இன்று கழித்துவிடத் தயங்கமாட்டார். 1878இல் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டவர், நம் இலங்கையையும் பார்த்துச் சென்று அப்பயணத்தை ஒரு நூலாகவும் எழுதினார். 1883இல் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த உருக்காலையையும் வாங்கிக்கொண்டார்.

1886இல் எழுதிய கட்டுரைகளிலே தொழிலாளர் சங்கம் அமைப்பதற்கு உரிமையுடையவர் என்றும், வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் வேற்றாட்களை அமர்த்தல் தகாது என்றும் அவர் கூறியிருந்தார். ஆறு ஆண்டுகளின் பின் அச்சொற்களுக்குச் சோதனை வந்தது. ஹோம்ஸ்டெட்டில் ஏறக்குறைய 3,800 பேர் வேலை செய்தனர். சங்கத்தைச் சேர்ந்தோர் அவருள் எண்ணூறு பேரளவினரான கைதேர்ந்த தொழிலாளர். புதிய இயந்திரங்கள் வரவே, அவர்களுடைய கைத்திறனுக்கு முன்னிருந்த விலை இல்லை என்று ஆலையார் கருதினர். கூலி குறைக்கப்பட்டது, சங்கத்தோடு பேச்சு இல்லை என்றாயிற்று. நீராவித் தறி டன்பேர்ம்லினிலே வில்லியம் கார்னெகிக்குச் செய்ததும் இதுதானே!

1892ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, ஆலைத் தலைவர் ஹென்றி பிறிக் வரவழைத்த முந்நூறு பிங்கர்ட்டன் காவலர் துப்பாக்கிகளோடு தட்டைப் படகுகளில் ஆற்றுவழியே வந்திறங்க முயன்றனர். கரையிலே தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் திரண்டு நின்றனர். நாள் முழுவதும் நடந்த சண்டையில் இருபக்கத்திலுமாகப் பத்துப் பேரளவில் மாண்டனர். பின்னர் மாநிலப் படை வந்தது, வேற்றாட்கள் அமர்த்தப்பட்டனர், நவம்பரிலே வேலைநிறுத்தம் முறிந்தது, சங்கமும் ஒழிந்தது. அவ்வேளை கார்னெகி ஸ்கொத்லாந்திலே இருந்தார். எல்லாம் பிறிக்கின் செயலே என்று அவருக்காக வாதிப்போர் உளர். எனினும் ஆலையிலே இனிச் சங்கம் இராது என்னும் அறிவித்தலை, புறப்படுமுன் ஏப்பிரல் மாதத்திலேயே எழுதிக் கொடுத்தவர் அவர்தாம். ஆகவே அவ்வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1901இல் தம் கொம்பனியை ஜே. பி. மோர்கனின் குழுவினருக்கு 48 கோடி டொலருக்கு விற்றார். செல்வராய் இறப்பவன் பழியோடு இறக்கின்றான் என்னும் கருத்தை 1889இலேயே எழுதியிருந்தவர், 1919இல் இறக்குமுன் ஏறக்குறைய 35 கோடி டொலரை வழங்கிவிட்டார். உலகெங்கும் 2,509 நூல்நிலையங்கள் அவருடைய பணத்தால் எழுந்தன. கட்டிடத்தை அவர் தருவார். நிலத்தை ஊரார் தரவேண்டும். கொடையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும். இது மிகவும் நல்லதோர் ஏற்பாடு. தமக்கு மூடப்பட்டிருந்த பிற்றன்கிறீவ் சோலையையும் 1902இல் விலைக்கு வாங்கி, ஊர்ப் பிள்ளைகள் யாவரும் புகுந்து விளையாடத் திறந்துவிட்டார். அலெகெனியிலே கேணல் அண்டர்சனுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார்.

ஹோம்ஸ்டெட் தொழிலாளர்க்கும் 1898இல் அழகியதொரு நூல்நிலையம் கிடைத்தது. ஆனால் உருக்காலையிலே வேலைநேரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி. இரு கிழமைக்கு ஒருமுறை, இரவு முறையும் பகல் முறையும் மாறும் நாளில், இருபத்துநான்கு மணி நேரம் ஒரேயடியாக நிற்கவேண்டும். அந்த ஆலைகளிலே பன்னிரண்டு மணி வேலைமுறை 1923இலேதான் கைவிடப்பட்டது. தொழிற்சங்கம் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது 1937இல்.