எந்தக் கோமதி?

(சங்கரன்கோவிலில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்க நிலை முதல் மேல்நிலை வரை எல்லா நிலை ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். ‘தரவுத்தளம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும், இது பிளஸ் டூ கணினி ஆசிரியர் பாடு, நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பள்ளியில் கோமதி என்ற பெயரில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

சிரிக்கிறீர்கள். கோமதி அம்மனும் சங்கரநாராயணரும் குடியிருக்கும் ஊர் இது. ஆடித்தபசுக்குக் கூட்டம் கூடுவதுபோல நம் வருகைப் பதிவேட்டில் கோமதிகளும் சங்கரநாராயணன்களும் கூடியிருப்பார்கள். முதலெழுத்தைச் சேர்த்தாலும் தீராது. எம். கோமதி என்றால், அப்பா மாரியப்பனா, முருகனா, முத்துக்குமாரா? வகுப்பறையில் நமக்குக் குழப்பமில்லை. முகம் தெரியும், ‘பெரிய கோமதி’, ‘சின்னக் கோமதி’ என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காத ஓர் அலுவலகம் என்றோ ஒருநாள் அவளுடைய பதிவைத் தேடப் போகிறது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள். இரண்டிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை இத்தனை ஆண்டுகள் இந்தப் பள்ளிகளில் படித்தாளா? அதற்கான பதில் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதப்படுவதில்லை. ஆறாம் வகுப்பில் சேரும் அன்று நம்மில் ஒருவர் எழுதும் ஒரு வரியில் அது தொடங்கிவிடுகிறது. அந்த வரியைக் காக்கும் ஒழுங்குக்குத்தான் தரவுத்தளம் என்று பெயர்.

பதிவேட்டிலேயே இருக்கும் பாடம்

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தகவலையெல்லாம் அட்டவணைகளாக வைப்போம். ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதுவோம். அட்டவணைகளைப் பொதுவான ஒரு மதிப்பால் இணைப்போம் என்பது அதன் சாரம். உறவுநிலைத் தரவுத்தளம் அங்கே பிறந்தது. அதைக் கேட்கும்போது நமக்குப் பழகிய ஒன்று நினைவுக்கு வர வேண்டும். அதுதான் சேர்க்கைப் பதிவேடு.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். அந்த எண் இன்னொரு பிள்ளைக்குப் போகாது. பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். தரவுத்தளத்தில் இதற்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். பெயர் மாறலாம், முகவரி மாறலாம், கைபேசி எண் ஆண்டுக்கு இரண்டு முறை மாறலாம். திறவுகோல் மாறக் கூடாது. எமிஸ் எண் மாநில அளவில் செய்யும் வேலையும் இதுவே.

மதிப்பெண் அட்டவணையில் கோமதியின் பெயரை மறுபடி எழுத வேண்டியதில்லை. அவள் எண்ணை மட்டும் எழுதினால் போதும். அது அயல் திறவுகோல். இப்போது மாணவர் அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணுக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். தரவுத்தளம் ஏற்காது. நோட்டுப் புத்தகம் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். தரவுத்தளம் மறுத்துப் பேசும். அதன் பெரிய உதவியே அந்த மறுப்புதான்.

வராதவரும் பூஜ்ஜியம் வாங்கியவரும்

ஆசிரியருக்கு உடனே புரியும் இன்னொரு செய்தி. ஒரு மாணவர் மூன்று தேர்வுகளில் 80, 60 வாங்கினார்; மூன்றாவதற்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? பூஜ்ஜியம் என்று எழுதினால் சராசரி 46.67. காலியாக விட்டால், அதாவது தரவுத்தள மொழியில் ‘நல்’ என்று விட்டால், சராசரி 70. கணினி இரண்டையும் சரியாகவே கணக்கிடுகிறது. பூஜ்ஜியம் என்பது ஒரு மதிப்பெண்; நல் என்பது மதிப்பெண்ணே இல்லை என்ற செய்தி. பள்ளியின் முடிவு எதுவாக இருந்தாலும், அதைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். 05-08-2012 என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் 5. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தை அமைப்பு எதையும் மாற்றாமல் நிறுவினால், மாதம் முதலில் என்ற வழக்கப்படி அதை மே 8 என்று படித்துவிடக்கூடும். அந்த வழக்கில் 13-08-2012 என்று கொடுத்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று பிழை காட்டும். பிழை காட்டினால் தப்பித்தோம். மே 8 என்று சத்தமில்லாமல் உள்ளே போனதுதான் ஆபத்து. ஆகவே 2012-08-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுங்கள். எங்கும் ஒரே பொருள்தான்.

ஒரு பிள்ளை, ஒரு பள்ளி

தறி வேலைக்காக ஒரு குடும்பம் இங்கிருந்து புளியங்குடிக்கு மாறுகிறது. மாற்றுச் சான்றிதழ் தருகிறோம். பதிவில் நடப்பது இரண்டு வேலை: இந்தப் பள்ளியில் நீக்குவது, அந்தப் பள்ளியில் சேர்ப்பது. முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் மின்சாரம் போனால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. வரிசையை மாற்றினால் இரண்டு பள்ளியிலும் இருக்கிறாள். இதற்காகத்தான் ‘டிரான்சாக்‌ஷன்’ என்ற ஏற்பாடு. ‘பிகின்’ என்று தொடங்கி, இரண்டு வேலையும் முடிந்தபின் ‘கமிட்’ கொடுத்தால் இரண்டும் நிலைக்கும். நடுவில் தடைபட்டால் இரண்டுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பும். பாதி வேலை என்பது கிடையாது. வங்கியில் பணம் மாற்றுவதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நம் மாணவர்களுக்கு மாற்றுச் சான்றிதழைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதும்போது

தமிழில் பெயர்களை ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, எழுத்துரு. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே தரவுத்தளத்தில் ஏற்றுங்கள்.

இரண்டு, நம் கோமதி. ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் ஏற்றிய கோமதியை இன்னொரு விதத்தில் தேடினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று பதில் வரலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் 13ஆம் பதிப்பு முதல் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே விதமாக ஆக்கித் தரும். ஆனால் எண்ணைக் கொண்டு தேடுபவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

மூன்று, அகர வரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் கனகா முன்னும் கமலா பின்னும் வருவார்கள். தமிழ் வரிசைப்படி கமலாதான் முதலில். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் தமிழுக்கான ‘கொலேஷன்’ உண்டு. அதைக் குறிப்பிட்டால் வரிசை சரியாகும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற பாடம் இது.

காசு கேட்காத கருவிகள்

இவற்றைக் கற்பிக்க விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. மைஎஸ்க்யூஎல் 1995இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகள் ‘மை’யின் பெயரை அதற்கு வைத்தார். பின்னர் அது ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. மூல நிரல் திறந்திருந்ததால், அவர் அதிலிருந்தே இன்னொன்றைக் கிளைக்கச் செய்து இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்றார். உரிமையாளர் மாறினாலும் பயன்படுத்துபவர் கைவிடப்படவில்லை. திறந்த மூலம் என்பதன் பொருளை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல கதை இல்லை. இந்திய அரசும் 2015இல் தன் அலுவலகங்களுக்குத் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. நம் மாவட்டத்தில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்கும் சோஹோ நிறுவனத்தின் பல மென்பொருள்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லைக் கூடவே சேர்த்துத்தான் வருகின்றன. நம் பிள்ளைகள் படிப்பது எங்கோ அயல்நாட்டில் மட்டும் பயன்படும் ஒன்றல்ல.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மைஎஸ்க்யூஎல் இருக்கிறது. கணினி அறிவியலில் பைத்தானோடு எஸ்க்யூலைட் வருகிறது. எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வர் தேவையில்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அதில் அயல் திறவுகோல் சோதனை பொதுவாக அணைந்தே இருக்கும். ‘பிரக்மா ஃபாரின் கீஸ்’ கட்டளையால் அதை இயக்கிவிட்டுப் பாடம் எடுங்கள். இல்லாவிட்டால் ‘மறுக்கும்’ என்று நீங்கள் சொல்லும்போதே அது ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று: கட்டளைச் சொற்கள் ஆங்கிலமானாலும், அட்டவணைக்கு ‘மாணவர்’ என்றும் நெடுவரிசைக்கு ‘பெயர்’ என்றும் தமிழிலேயே பெயரிடலாம். இந்த மூன்று தரவுத்தளங்களும் ஏற்கும்.

ஐந்தாம் வகுப்பிலும் இதைச் செய்யலாம், கணினி இல்லாமலே. ஒரு சார்ட்டில் பிள்ளைகளின் எண்ணும் பெயரும். இன்னொன்றில் நூலகப் புத்தகங்கள். மூன்றாவதில் எந்த எண்ணுக்கு எந்தப் புத்தகம் என்று மட்டும். ‘பொன்னுசாமி எந்தப் புத்தகம் எடுத்தான்?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் விரலை வைத்து மூன்று சார்ட்டிலும் தடம் பிடித்துப் போவார்கள். அந்த விரல் செய்வதைத்தான் ‘ஜாயின்’ என்கிறோம்.

காவல்

கடைசியாக நிர்வாகம். மூன்றே பழக்கங்கள். அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள்; வகுப்பாசிரியருக்கு அவர் வகுப்பு போதும். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டுவதும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்கள் தரவுக்குத் தனிக் காப்பு சொல்கிறது. நாம் கையாளுவது ஏறத்தாழ முழுவதும் குழந்தைகளின் தரவு.

அடுத்தது, நகல் எடுங்கள். நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியம். அந்த நகலிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பருவத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி ஒரு பள்ளியின் பதிவை விடக் கூடாது.

நண்பர்களே, இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஏழாண்டு கழித்து ஒரு கல்லூரி வாசலில் நிற்பாள். அன்று நாம் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்போம். சிலர் பணி நிறைவும் பெற்றிருப்போம். அவளுக்காகப் பேச அங்கே இருக்கப்போவது நாம் இன்று எழுதும் வரி மட்டும்தான். பெயரைப் பெற்றோரிடம் காட்டிச் சரிபாருங்கள், தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், எண்ணைப் பிழையில்லாமல் பதியுங்கள்.